பந்தயக் கட்டமரானின் (இரட்டை உடல் படகின்) புதுப் பாய்மரத்தில் ஷ்ரவுட், டயமண்ட் கம்பிகளின் பிடிப்புகளை எங்கே பொருத்துவது?

ஷ்ரவுட் என்பது பாய்மரத்தைப் பக்கவாட்டில் படகோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி. டயமண்ட் என்பது இரு முனையும் பாய்மரத்திலேயே கட்டப்பட்டு அதை விறைப்பாக்கும் கம்பி. முதலில் உங்கள் படகின் பந்தய வகுப்பு விதிகளைப் பாருங்கள். ஹோபி 16 என்ற கட்டமரான் வகுப்பில் தயாரிப்பாளர் வைத்த இடத்தை நகர்த்த முடியாது. அதில் டயமண்ட் கம்பியே கிடையாது. பொருத்தும் இடத்தை நீங்களே தீர்மானிக்கக்கூடிய, ஏ-கிளாஸ் போன்ற திறந்த வகுப்பு என்றால்தான் இந்தக் கேள்விக்கு இடம்.

எந்தப் பிடிப்பை வைக்கும்போதும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பாய்மரம் சுழலும்போது இது எங்கே போகும்? அடியில் ஒரு குண்டின்மேல் நின்று இரு பக்கமும் திரும்பும் மரம் அது. அதனால்தான் முன் கம்பியும் இரண்டு ஷ்ரவுட்களும் ஹவுண்ட்ஸ் எனப்படும் மேல் பிடிப்பில், முன்முகத்தின் நடுக்கோட்டில், ஒரே இடத்தில் சேர்கின்றன. அந்த இடம் சில மில்லிமீட்டர் விலகினாலும் மரம் ஒரு பக்கம் தாராளமாகத் திரும்பும், மறுபக்கம் முரண்டும்.

நடுக்கோட்டைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். ஒரு தாள் பட்டையைப் பாய் ஓடும் பள்ளத்தின் ஒரு விளிம்பிலிருந்து முன்முகத்தைச் சுற்றி மறு விளிம்புவரை இறுக்கமாக ஒட்டி, அளவாக வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடிப்பு விழும் கோடுதான் நடு. மேலே, கீழே, இடையில் என்று பல உயரங்களில் குறித்து நூல் பிடித்துச் சரிபாருங்கள். இதில் செலவழிக்கும் நேரம் வீண் போகாது.

ஹவுண்ட்ஸின் உயரம் பெரும்பாலும் மொத்த நீளத்தில் முக்கால் பங்கை ஒட்டியே அமையும். அதற்கு மேலே உள்ள நுனிக்கு டயமண்ட் தாங்கல் இல்லை. காற்று வலுத்தால் வளைந்து பாயைத் தளர்த்துவது அதுதான். ஆகவே ஹவுண்ட்ஸைத் தாழ்த்தினால் நுனி இளகும், உயர்த்தினால் விறைக்கும். கனமான மாலுமிகளுக்கு விறைப்பான நுனி பொருந்தும் என்பது என் கருத்து.

டயமண்ட் கம்பிகள் மரத்தோடு சேர்ந்தே சுழல்பவை. மேல்முனை ஹவுண்ட்ஸ் அருகே, கீழ்முனை பூம் (பாயின் அடியை விரிக்கும் கிடைக்கம்பு) இணைப்புக்குப் பக்கத்தில், இடையில் கம்பியை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர். ஸ்ப்ரெடரின் நுனிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; கம்பியை முறுக்கும்போது மரத்தின் நடுப்பகுதி முன்னே தள்ளப்பட்டு முன்வளைவு கிடைப்பது அந்தச் சாய்வால்தான். சாய்வை அளக்க, இரு நுனிகளுக்கும் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, அதற்கும் பாய்ப் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதை மாற்றக்கூடிய ஸ்ப்ரெடரையே வாங்குங்கள்.

மாலுமி படகுக்கு வெளியே தொங்க உதவும் ட்ரபீஸ் கம்பிகள் டயமண்டுக்கு மாறானவை. அவை மரத்தோடு திரும்பக் கூடாது. ஹவுண்ட்ஸின் அதே ஷாக்கிளில் (இணைப்பு வளையத்தில்) தொங்கவிடுங்கள். ஸ்பின்னேக்கரை (முன்னே விரியும் பெரிய பாயை) மேலேற்றும் கயிற்றின் கப்பி ஹவுண்ட்ஸுக்கு மேலே வரும் என்றால், அந்த நுனியை முன்னே இழுக்கும் விசைக்கு எதிர்ப்பிடி பெரும்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறுதான் (மெயின்ஷீட்), ஏனென்றால் பின்கம்பி கிடையாது. கப்பியை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு கவனம் அந்தக் கயிற்றில் வேண்டும்.

துளை போடும் வேலை கடைசியில். எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டி, மரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எது எதில் சிக்குகிறது என்று பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள். ஒரே மட்டத்தில் வரிசையாகத் துளையிட்டால் அந்த இடத்தில் மரம் பலமிழக்கும். மேலும் கீழுமாக விலக்கிப் போடுங்கள். அலுமினிய மரத்தில் சுமை தாங்கும் பிடிப்புக்கு மோனெல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிடிப்பு நேரடியாக அலுமினியத்தைத் தொட்டால் உப்புநீரில் அலுமினியம் அரிக்கும், இடையே காப்புப் பசை தடவ வேண்டும். ஒவ்வொரு ரிவெட்டையும் சீலன்ட் வைத்து அடையுங்கள்: மரத்துக்குள் தண்ணீர் புகுந்தால், கவிழ்ந்த படகு பக்கவாட்டில் மிதக்காமல் முழுதாகத் தலைகீழாகிவிடும்.