லாயத்து வாசல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் வாரம் மூன்று நாள் குதிரைச் சவாரி பழகுகிறாள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடித்த ஆண் குதிரை ஒன்றை இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து பராமரிக்கிறோம். வயது பதின்மூன்று. இரண்டு மாதமாக வாலின் அடிப்பகுதியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, மயிரெல்லாம் உடைந்து பழைய விளக்குமாறு மாதிரி நிற்கிறது. புழு மருந்து கொடுத்தாயிற்று. அப்படியும் அடங்கவில்லை. வேறு என்ன செய்வது?
- வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, ‘புழு மருந்து கொடுத்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாலைத் தூக்கிப் பார்த்தீர்களா என்பதை எழுதவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். நான் முப்பத்தோரு வருடம் சைஸ் வேலை, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவன். சிங்கப்பூரில் புக்கிட் தீமா பந்தயத் திடலில் தொடங்கி, 1999-ல் பந்தயம் கிராஞ்சிக்குப் போனபோது குதிரைகளோடு நானும் போனேன். நீங்கள் இப்போது செய்த அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

நியூசிலாந்திலிருந்து வந்த செந்நிறக் குதிரை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. காயடித்தது. வாலைத் தேய்க்கத் தொடங்கியதும் புழுதான் என்று முடிவு கட்டி மருந்து கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. தேய்ப்பது நிற்கவில்லை. எங்கள் லாயத்தில் போயான் (பாவியான் தீவு வழிவந்தவர்) பெரியவர் ஒருவர் தலைமை சைஸாக இருந்தார். ஒரு நாள் காலை அவர் என்னிடம், “உறையைக் கழுவி எத்தனை மாசமாச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆண் குதிரையின் குறி உறைக்குள் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேரும். குறியின் நுனிக் குழியில் அது மொச்சைக்கொட்டை மாதிரி கெட்டியாகத் திரண்டுவிடும். அந்த இடத்தைக் குதிரையால் எட்டிச் சொறிய முடியாது. அதனால் பின்பக்கத்தைத்தான் சுவரில் தேய்க்கும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, பொறுமையாகக் கழுவி அந்தக் கட்டியை எடுத்தோம். நாலைந்து நாளில் தேய்ப்பு நின்றது. இரண்டு மாதம் அந்த ஜீவன் பட்ட அவஸ்தைக்கு என் அசட்டைதான் காரணம். இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

உங்களுடையதும் காயடித்த குதிரை என்பதால் முதலில் இதைச் சொன்னேன். ஆனால் நீங்களே கையை விடாதீர்கள். சில குதிரைகள் உதைக்கும். முதல் தடவை கால்நடை மருத்துவரையோ பழக்கமுள்ள லாயக்காரரையோ வைத்துச் செய்யுங்கள். நுரைக்கிற சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான வெறும் நீர் போதும். (பெண் குதிரை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். மடிக்காம்புகளுக்கு நடுவில் கருப்பு மெழுகு மாதிரி அழுக்கு சேரும். அதுவும் வாலைத் தேய்க்க வைக்கும்.)

அங்கே ஒன்றும் இல்லையென்றால், எந்த இடத்தைத் தேய்க்கிறது என்று பாருங்கள்.

வாலடி மட்டும் தேய்ந்து, ஆசனவாயைச் சுற்றி மஞ்சளும் சாம்பலும் கலந்த பிசுக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் அது ஊசிப்புழு. நம் பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சிக்குச் சொந்தம்தான், ஆனால் இனம் வேறு, மனிதருக்கு ஒட்டாது. பெண் புழு பெருங்குடலிலிருந்து வெளியே வந்து, ஆசனவாய்த் தோலில் பசையோடு முட்டைகளை அப்பிவிடுகிறது. அந்தப் பசை காயும்போதுதான் அரிப்பு எடுக்கிறது. முட்டை வெளியே ஒட்டியிருப்பதால் சாணத்தைப் பரிசோதித்தால் பெரும்பாலும் தெரியாது. ‘சாணம் சுத்தம்’ என்று அறிக்கை வந்தால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். காலையில் கழுவுவதற்கு முன், ஒட்டும் செலோடேப்பை அந்தத் தோலில் அழுத்தி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மருத்துவரிடம் கொடுங்கள். நுண்ணோக்கியில் முட்டை தெரிந்துவிடும்.

மருந்து கொடுத்தும் அடங்காததற்கு இங்கே இரண்டு காரணம் இருக்கலாம். பல நாடுகளில் இந்தப் புழு, வழக்கமான புழு மருந்தான ஐவர்மெக்டினுக்கு முன்போல் மடங்குவதில்லை. பைரன்டல், ஃபென்பெண்டசோல் என்று மாற்று மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதைக் குதிரையின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். இரண்டாவது, நீங்கள் குதிரைக்கு மருந்து கொடுத்தீர்கள், சுவருக்கு? தேய்த்த இடத்தில் முட்டை உதிர்ந்து கிடக்கும். நாலைந்து நாளில் அது தொற்றத் தயாராகிவிடும். தீவனத் தொட்டி, தண்ணீர் வாளி, கதவு, தூண் எல்லாவற்றையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தினமும் ஆசனவாயைச் சுற்றி ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை உடனே பையில் கட்டி எறியுங்கள். முட்டை விழுங்கிய குதிரைக்குள் புழு வளர்ந்து மறுபடி முட்டையிட ஐந்து மாதம் வரை ஆகும். அதனால் ஒரு மாதம் சுத்தமாக இருந்ததும் விட்டுவிடக் கூடாது.

பிடரியும் சேர்ந்து தேய்ந்து, வயிற்றின் நடுக்கோட்டில் சொறியும் இருந்தால் கதை வேறு. அது அகாஸ். மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்லும் பொடிக் கடி ஈ, இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒவ்வாது. ஆஸ்திரேலியாவில் இதைக் குவீன்ஸ்லாந்து இட்ச் என்பார்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் ஈ அடங்கும், குதிரைக்கு ஓய்வு கிடைக்கும். நம் ஊரில் பனிக்காலம் ஏது? ஈரச் சேறு, சாணக் குவியல், அழுகிய இலை எல்லாம் வருடம் முழுக்க இருக்கின்றன. அதனால் இங்கே இது ஓயாத வேலை.

அதற்கு நான் அதிகம் நம்புவது காற்றாடியைத்தான். அகாஸால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. அந்தி சாயும்போதும் விடியும்போதும்தான் அதன் ஆட்டம் அதிகம். அந்த நேரத்தில் குதிரையை வெளியே விடாமல், லாயத்தில் பெரிய மின்விசிறியைப் போட்டு நிற்க வையுங்கள். வலை போடுவதானால் சாதாரணக் கொசுவலை போதாது, அதன் கண்ணில் அகாஸ் நுழைந்துவிடும். நெருக்கமான வலை தேவை. பெர்மெத்ரின் கலந்த பூச்சி மருந்து பலன் தரும். ஆனால் லாயத்தில் பூனை இருந்தால் ஜாக்கிரதை, பூனைக்கு அது விஷம். அரிப்பு மீறினால் மருத்துவர் ஸ்டீராய்டு கொடுப்பார். குளம்பு அழற்சி வந்த குதிரை என்றால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேனும் சொறிப்பூச்சியும்கூட வாலை அரிக்கும். அவை மருத்துவர் கண்ணில் சீக்கிரம் பட்டுவிடும். தினமும் ஷாம்பு போட்டுச் சரியாக அலசாமல் விட்டாலும் தோல் வறண்டு அரிக்கும். மகள் ஆசையாகக் குளிப்பாட்டுகிறாள் என்றால் அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் தடவலாமா? தேக்காவில் எளிதாகக் கிடைக்கிறதே.
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தடவலாம். அந்த வாடைக்குப் பூச்சி கொஞ்சம் ஒதுங்கும். ஆனால் தேங்காயெண்ணெயில் கலந்து, முதலில் சின்ன இடத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். தோல் கிழிந்து நீர் வடியும் இடத்தில் வேண்டவே வேண்டாம், எரியும். அப்படிப்பட்ட புண்ணை எண்ணெய் பூசி மூடிவைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஈ உட்கார்ந்து புழு வைக்க அதிக நேரம் ஆகாது.

கேள்வி: உடைந்த வால் மயிர் மறுபடி வளருமா? மொத்தமாகச் சிரைத்துவிடலாமா?
- வாசகி, செம்பவாங்

பதில்: சிரைக்காதீர்கள் அம்மா. ஈ விரட்ட குதிரைக்கு இருப்பதே அந்த வால்தான். அரிப்பு நின்றால் வளரும், மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில். முதலில் குச்சி குச்சியாக மேல்நோக்கி நிற்கும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சீப்பைப் போட்டு இழுக்காமல், சிக்கை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள்.