நியூயார்க் பக்கம் இருக்கும் பழைய பாணி இத்தாலிய-அமெரிக்க உணவகங்களில் சாப்பிடுவது எப்படி இருக்கும்? அது அசல் இத்தாலியச் சமையலே இல்லை என்கிறார்களே, சைவம் உண்பவர் அங்கே போகலாமா?

தாராளமாகப் போகலாம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நான் இறைச்சி உண்பவன், என் மனைவி முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவர். ஆகையால் இந்த உணவகங்களில் இரு தரப்பாருக்கும் என்ன கிடைக்கும், எங்கே இடறும் என்பதை ஓரளவு அறிந்திருக்கிறேன். ‘அசல் இல்லை’ என்ற குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் தெரிந்தால்தான் அங்கே எதைக் கேட்டு வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பது பிடிபடும்.

1880-களில் தொடங்கி 1920-களின் முற்பகுதி வரை ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள கம்பானியா, அதற்கும் தெற்கே இருக்கும் கலாப்ரியா, சிசிலி போன்ற பகுதிகளைச் சேர்ந்த ஏழைகள். ஊரில் அவர்களுக்கு இறைச்சி என்பது பண்டிகைச் சமையல். நியூயார்க்கிலோ மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்கும் மாட்டிறைச்சி கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. ஊறவைத்த ரொட்டியைப் பிசைந்து சிறிதாக உருட்டி, பாஸ்தாவோடு சேர்க்காமல் தனியாக உண்டுவந்த இறைச்சி உருண்டை, இங்கே உள்ளங்கை கொள்ளாத அளவுக்குப் பெருத்து ஸ்பகெட்டியின் மேல் ஏறி அமர்ந்தது அப்படித்தான். கத்தரிக்காயைப் பொரித்து அடுக்கிச் செய்யும் பார்மிஜானாவில் கத்தரிக்காயின் இடத்தைக் கன்றிறைச்சியும் கோழியும் பிடித்துக்கொண்டன. இத்தாலியில் பாஸ்தா ஒரு சுற்று, இறைச்சி அதற்கடுத்த சுற்று. இங்கே கோழித் துண்டுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில், பாஸ்தாவும் வந்துவிடும். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் இத்தாலியர்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பலர் மிலான், டூரின் பக்கத்துக்காரர்கள். சிசிலியின் எளிய வீட்டுச் சமையலும் அவர்களுக்கு ஏறக்குறைய அந்நியம்தான்.

இந்தச் சமையல் ஒரு காலத்தில் அப்படியே நின்றுவிட்டது போலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கான ஆண்டு ஒதுக்கீட்டை 4,000 பேருக்கும் கீழே இறக்கியது. ஊரிலிருந்து புதிய ஆட்களும் புதிய கைப்பக்குவமும் வருவது பெருமளவு நின்றுபோக, முன்பே வந்துவிட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே, அமெரிக்கச் சந்தையில் கிடைத்ததைக் கொண்டு, தாத்தா, மகன், பேரன் என்று செய்துவந்தார்கள். அதே காலத்தில், 1920 முதல் 1933 வரை நடப்பில் இருந்த மதுவிலக்கு, இத்தாலியரல்லாத வாடிக்கையாளர்களையும் அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. வீட்டிலேயே திராட்சை மது தயாரித்துச் சாப்பாட்டோடு அருந்துவது அக்குடும்பங்களின் பழக்கம். மதுவைத் தேடி அங்கே வந்தவர்கள் உணவையும் சுவைத்து, அதுவரை இழிவாக நினைத்த பூண்டு மணத்துக்குப் பழகிப்போனார்கள். ஆகவே இதை இத்தாலியச் சமையலின் மங்கிய நகலாகப் பார்க்காமல், தெற்கு இத்தாலியர் அமெரிக்காவில் உருவாக்கிய தனிச் சமையலாகப் பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. முட்டையும் பன்றி இறைச்சியும் சேரும் ரோம் நகரத்துப் பாஸ்தாவான கார்போனாராவைத் தேடி இங்கே வருபவர் ஏமாறுவார்; தக்காளி, பூண்டு, பொரித்த பண்டம், உருகிய மொசரெல்லா சீஸ் ஆகியவற்றைத் தேடி வருபவர் வயிறு நிறைந்து திரும்புவார்.

இடையில் இந்த உணவகங்களுக்கு இறங்குமுகமும் இருந்தது. 1970, 80-களில் பெஸ்டோ என்னும் பச்சை இலைச் சாஸையும் ரிசோட்டோ என்னும் அரிசிப் பதார்த்தத்தையும் முன்வைத்த ‘வட இத்தாலிய’ உணவகங்கள் நாகரிகமானபோது, ‘சிவப்பு சாஸ்’ எனப்படும் தக்காளி சாஸையே நம்பிய இந்தப் பழைய உணவகங்கள் வயதானவர்கள் போகும் இடங்களாகிவிட்டன. 2013-இல் கிரீனிச் வில்லேஜின் தாம்ப்சன் தெருவில், 1922-இல் தொடங்கப்பட்ட ராக்கோ என்னும் உணவகம் இருந்த இடத்தில் கார்போனே என்னும் புது உணவகம் திறக்கப்பட்டு, அதே பழைய கன்றிறைச்சிப் பார்மிஜானாவை உயர்ந்த விலைக்கு விற்கத் தொடங்கிய பிறகு காற்று திரும்பியது. நான் அங்கே போனதில்லை. அவ்வளவு கொடுத்துப் பழமையின் புதுப் பதிப்பைப் பார்ப்பதைவிட, பழையதையே பார்த்துவிடலாம் என்பது என் கஞ்சத்தனம்.

நாங்கள் வழக்கமாகச் செல்லும் உணவகம் நியூ ஜெர்சியின் சிறு நகரம் ஒன்றில் இருக்கிறது. மங்கிய மஞ்சள் விளக்குகள், கஞ்சி போட்ட வெள்ளை மேசை விரிப்பு, சுவர் முழுக்கச் சட்டமிட்ட புகைப்படங்கள். உரிமையாளர் வீட்டுத் திருமணங்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள், பாதிரியார் ஒருவர், அவர்களுக்கு நடுவில் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. சினாட்ரா இங்கே ஹோபோக்கனில் பிறந்தவர் என்பதால், அவர் படம் இல்லாத இத்தாலிய உணவகச் சுவரை இந்த மாநிலத்தில் காண்பது அரிது. பரிமாறுபவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர். அதையே தொழிலாகக் கொண்டு தலை நரைத்தவர்கள். உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையும் வெண்ணெயும் வந்துவிடும்; அதற்குத் தனியாகப் பணம் இல்லை. ஒருமுறை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, பரிமாறுபவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, மேசையைச் சுற்றி இருந்தவர்களைக் கண்ணால் எண்ணி, “போதும், இதற்கு மேல் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்” என்று சீட்டைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். குறைவாக விற்பதைப் பற்றிக் கவலைப்படாத அந்த அதட்டலுக்காகவே நான் இவ்வகை உணவகங்களை விரும்புகிறேன்.

சைவர் ஒருவர் அங்கே சாப்பிட வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கத்தரிக்காய்ப் பார்மிஜானாவைச் சொல்வேன். இது மாற்று ஏற்பாடாகச் செய்யப்பட்ட சைவப் பதார்த்தம் அன்று. மூலமே இதுதான், கோழிதான் பிற்பாடு வந்தது. பெரிய கருநீலக் கத்தரிக்காயை மெல்லிய தகடுகளாக அரிந்து, உப்புத் தூவிக் கசப்பு நீரை வடித்து, முட்டையில் தோய்த்து ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸும் மொசரெல்லாவும் மாற்றி மாற்றி அடுக்கி அடுப்பில் சுடுகிறார்கள். மேசைக்கு வரும்போது நீள்வட்டப் பாத்திரத்தின் ஓரங்களில் சாஸ் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சாஸ் கருகிக் கறுத்திருக்கும். சீஸ் அங்கங்கே பழுப்புத் திட்டுகளாக முறுகியிருக்கும். முட்கரண்டியை இறக்கினால் மேலடுக்கு சற்றே எதிர்த்து நிற்கும், கீழடுக்குகள் அப்படியே வழிவிடும். அந்த வெந்த நிலையில் கத்தரிக்காய்க்கும் சீஸுக்கும் எல்லை தெரியாது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் அத்தை முதல் வாய் எடுத்துவிட்டு, “கத்தரிக்கா பஜ்ஜியத் தூக்கிக் கொழம்புல போட்டாப்புல இருக்கு” என்றார். அதன் பிறகு தட்டை யாருக்கும் நகர்த்தவில்லை.

இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இடங்கள்தான் சைவர்களுக்கு இங்கே உண்மையான தொல்லை. மரினாரா என்று கேட்டால் பொதுவாகத் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், துளசி இனத்து இலை, இவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாஸ் என்று சொல்வது பன்றி விலா எலும்பையும் சாசேஜையும் இறைச்சி உருண்டைகளையும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தது. இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு வெறும் சாஸை மட்டும் பாஸ்தாவின் மேல் ஊற்றிக் கொடுத்தாலும் அது சைவமாகாது. சில சமையலறைகளில் கத்தரிக்காய்ப் பார்மிஜானாவுக்கும் அதே சாஸைத்தான் ஊற்றுவார்கள். “சாஸில் இறைச்சி உண்டா?” என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. மினஸ்ட்ரோனி காய்கறி சூப் என்று பெயர் பெற்றிருந்தாலும் கோழிச் சாறில் செய்திருக்கக்கூடும். பாஸ்தாவும் பீன்ஸும் சேர்ந்த பாஸ்தா ஃபஜோலியில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கும். சீசர் சாலடில் நெத்திலி மீன் அரைத்துச் சேர்ப்பது வழக்கம். பர்மிஜானோ ரெஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் தயாரிக்க வேண்டும் என்பது அதன் விதி. இதைப் பொருட்படுத்துபவர்கள் மேலே தூவும் சீஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கேட்காமலே தூவிவிடுவார்கள். முட்டையும் சேர்க்காதவர்களுக்குப் பொரித்து அடுக்கியவை ஆகா. ஆனால் ஸ்பகெட்டி, பென்னே, ரிகடோனி போன்ற உலர்ந்த பாஸ்தா வழக்கமாக ரவையும் நீரும் மட்டுமே. ரவியோலி, ஃபெட்டுச்சினி போன்றவற்றில் முட்டை இருக்கும். நம் நாக்குக்குப் பிடித்தது அர்ராபியாட்டா என்னும் காரச் சாஸ். அதுவும் போதாதென்றால், மிளகாய்த் துகள் கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். பூண்டில் வதக்கிய புரோக்கோலி ராப் என்னும் கசப்புக் கீரையையும் விட்டுவிடாதீர்கள். கனமான சீஸுக்கு நடுவே அந்தக் கசப்பு பெரிய ஆறுதல்.

அளவைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். ஒருவருக்கு என்று வரும் தட்டு பெரும்பாலும் இருவருக்குக் காணும். நான்கு பேர் போனால் ஒரு சாலட், இரண்டு பாஸ்தா, ஒரு பார்மிஜானா என்று நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது நல்லது. மிஞ்சுவதைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்வது இங்கே கௌரவக் குறைவு இல்லை. கத்தரிக்காய் அடுக்கு மறுநாள் இன்னும் ருசிக்கும். கடைசியில் எஸ்பிரெசோ கேட்டால் எலுமிச்சைத் தோல் சுருளோடு கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இனிப்பில் எல்லோரும் காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய திராமிசூவுக்குத் தாவுகிறார்கள்; அது அமெரிக்காவில் 1980-களில்தான் பரவியது. பழைய உணவகத்தின் சொந்த இனிப்பு என்றால் ரிகோட்டா என்னும் மென்மையான சீஸ் நிரப்பிய கன்னோலிதான், ஆனால் அதன் மொறுமொறுப்பான கூட்டில் மரபுப்படி பன்றிக் கொழுப்பும் மதுவும் சேரும் என்பதால் சைவர்கள் அதையும் கேட்டுவிட்டே தொட வேண்டும். டிப்ஸ் 18 முதல் 20 விழுக்காடு. சில பழைய உணவகங்கள் ரொக்கம் மட்டுமே வாங்கும். மேசைக்குப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? ஈஸ்ட் ஹார்லெமில் 1896 முதல் இருக்கும் ராவோஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். அதன் மேசைகள் வழிவழியாக நிலையான வாடிக்கையாளர்களுக்கே ஒதுக்கப்பட்டவை, நமக்குக் கிடைக்காது. அதன் பெயரில் விற்கும் பாட்டில் சாஸ் எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. அந்த வியாபாரம் 2024-இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் கைக்குப் போனது. மல்பெரி தெருவின் லிட்டில் இத்தாலியில் வாசலில் நின்று கூவி அழைப்பவர்களைப் பின்தொடர்ந்து உள்ளே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இத்தாலியர் குடியிருப்பு சுருங்கிப் பல காலம் ஆகிறது, எஞ்சியது பெரும்பாலும் சுற்றுலாத் தெரு. சினாட்ரா விரும்பிச் சென்ற இடம் வேண்டுமென்றால் 56-ஆவது தெருவில் 1944-இல் தொடங்கிய பாட்சிஸ் இருக்கிறது. உங்களைப் போன்ற சைவருக்கு என் முதல் தேர்வு, ஈஸ்ட் வில்லேஜில் 1908 முதல் நடக்கும் ஜான்ஸ் ஆஃப் 12த் ஸ்ட்ரீட். பழமை மாறாத அந்த இடத்தில், பால்பொருளும் முட்டையும் இல்லாத முழு நனிசைவப் பட்டியல் ஒன்றும் தனியாக இருப்பதால், மேலே சொன்ன விசாரணைகளில் பாதி தேவைப்படாது.

நேரம் இருந்தால் புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்கில் 1900 முதல் இருக்கும் பமோன்டீஸுக்கும் போகலாம். அந்தப் பகுதியில் நேப்பிள்ஸை அடுத்த நோலா ஊரிலிருந்து வந்தவர்கள் 1903 முதல் ஜூலை மாதத்தில் ஜில்யோ திருவிழா நடத்திவருகிறார்கள். ஏறத்தாழ 80 அடி உயரக் கோபுரத்தை, இசைக்குழுவையும் அதன் மேல் ஏற்றி, நூற்றுக்கும் மேற்பட்டோர் தோளில் தூக்கித் தெருவில் ஆட்டுவார்கள். ஜூலையில் வருவதாக இருந்தால் திருவிழா நாளை விசாரித்து, மேசைக்கும் மிக முன்பாகவே சொல்லிவையுங்கள்.