பிஎஸ்4-ல் கேம் இறங்க 20 மணி நேரமா? பின்னணியில் ஓடும் கேமைக் கவனியுங்கள்

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90-க்கு மேல் வருகிறது. ஆனால் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்லிம் கேம் கன்சோலில் 50 ஜிபி கேம் ஒன்று இறங்க 20 மணி நேரம் ஆகும் எனக் காட்டுகிறது. டிஎன்எஸ் மாற்றியும் பயனில்லை. எங்கே கோளாறு?

பதில்: முதலில் ஒரு கணக்கு. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கேமின் அளவு பைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் (மெகாபைட்) இறங்கும். 90 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் 50 ஜிபி இறங்க ஏறத்தாழ 75 நிமிடம் போதும். 20 மணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 5.5 எம்பிபிஎஸ். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் வைஃபையைக் குறை சொல்வதற்கு முன் கன்சோலையே பார்க்க வேண்டும்.

டவுன்லோடு ஓடும்போது வேறு கேம் ஏதாவது திறந்திருக்கிறதா? விளையாடாமல் ஹோம் ஸ்கிரீனுக்கு வந்துவிட்டாலும் அது பின்னணியில் உயிரோடுதான் இருக்கும். பிஎஸ்4-ல் வேகம் குறைய இது ஒரு முக்கியக் காரணம், பலரும் கவனிக்காத காரணமும்கூட. ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு வாங்க முடியும் என்பதைக் கன்சோல் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த அளவுக்கு ரிசீவ் விண்டோ என்று பெயர். சர்வர் அவ்வளவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். கேம் ஓடும்போது ஆன்லைன் ஆட்டம் தடுமாறக் கூடாது என்பதற்காக பிஎஸ்4 இந்த விண்டோவை வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. விண்டோ 128 கிலோபைட் என்று வையுங்கள். சர்வருக்குப் போய்வர 50 மில்லிவிநாடி ஆனால் ஓர் இணைப்பில் சுமார் 20 எம்பிபிஎஸ்தான் வரும். 150 மில்லிவிநாடி ஆனால் 7 தான். உங்கள் லைன் 100 ஆனாலும் 300 ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபோனின் ஸ்பீட் டெஸ்ட் பக்கத்துச் சர்வருக்கு ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. அதனால்தான் அங்கே 90 வருகிறது.

ஹோம் ஸ்கிரீனில் அந்தக் கேமின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, 'க்ளோஸ் அப்ளிகேஷன்' கொடுங்கள். வீடியோ ஆப் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். பிறகு நோட்டிஃபிகேஷன்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், டவுன்லோடை நிறுத்திவைத்து (பாஸ்) மறுபடி தொடங்குங்கள். ஓரிரு நிமிடத்தில் மீதி நேரம் சட்டென்று குறைந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. இரவில் கன்சோலை ரெஸ்ட் மோடில் (உறக்க நிலையில்) விடுவதானாலும் கேமை மூடிவிட்டே விடுங்கள். பவர் சேவ் செட்டிங்ஸில் 'ஸ்டே கனெக்டட் டு தி இன்டர்நெட்' டிக் ஆகியிருக்க வேண்டும்.

மாற்றம் இல்லையென்றால் ரூட்டரிலிருந்து கன்சோலுக்கு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். தற்காலிகமாக வீட்டின் குறுக்கே கிடந்தாலும் பரவாயில்லை. கேபிளில் வேகம் வந்தால் குற்றவாளி வைஃபை. கேட் 5இ ரகக் கேபிளே தாராளம். கேட் 7, கேட் 8 என்று காசைக் கொட்ட வேண்டியதில்லை. 100-க்கு மேற்பட்ட திட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் முனை பிளக்கில் சரியாக கிரிம்ப் ஆகியிருக்க (அழுத்திப் பொருத்தியிருக்க) வேண்டும். நான்கை மட்டும் இணைத்திருந்தால் 100-ஐத் தாண்டாது. சில ஃபைபர் மோடம்களில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட்டாக இருக்கும், மற்றது 100 தான்.

வைஃபைதான் பிரச்சினை என்றால், ஸ்லிம், ப்ரோ மாடல்கள் இரண்டுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேண்ட் (அலைவரிசை) உண்டு. 2013-ல் வந்த முதல் பிஎஸ்4-க்கு 2.4 மட்டும்தான், அதில் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் பட்டியலிலேயே வராது, அது பழுதல்ல. ரூட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், 5-க்குத் தனிப் பெயர் கொடுத்து கன்சோலை அதில் சேருங்கள். ஃபோனில் அளப்பதானால் ரூட்டர் பக்கத்தில் நின்று அளக்காதீர்கள். கன்சோல் இருக்கும் டிவி அலமாரியிலேயே ஃபோனை வைத்து, அதே பேண்டில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். கன்சோலை ஒட்டி யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தால் நகர்த்தி வையுங்கள்; அந்த வகை டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புபவை.

டிஎன்எஸ் என்பது சர்வரின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றுவதோடு சரி, தரவு அதன் வழியே வருவதில்லை. மாற்றினால் வேறொரு டவுன்லோடு சர்வர் கிடைக்கலாம். அது அருகிலும் இருக்கலாம், தொலைவிலும் இருக்கலாம். எனவே பழையபடி ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். எம்டியூ எண்ணை (ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) மாற்றச் சொல்லும் குறிப்புகளையும் தொடாதீர்கள். தவறான எண் போட்டால் இருப்பதும் கெடும்.

கேபிளிலும் இரவு 8 முதல் 11 வரை மட்டும் வேகம் விழுந்து, விடியற்காலையில் சரியாகிறதா? அப்போது இணைப்பு தருபவரிடம் பேசலாம். இரண்டு நேரத்து அளவையும், கேபிளில் எடுத்தவை என்பதையும் சொல்லுங்கள். மாத டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.

அப்டேட் போடும்போது பட்டை நிறைந்த பிறகு 'காப்பியிங்' என்று நெடுநேரம் ஓடினால் அது இணையம் சம்பந்தப்பட்டதே அல்ல. பிஎஸ்4 ஏற்கெனவே இருக்கும் கேமின் கோப்புகளை டிஸ்க்குக்குள்ளேயே மறுபடி எழுதுகிறது. பெரிய கேமுக்கு இது நீளத்தான் செய்யும். டிஸ்கில் கேமின் அளவுக்கு இடம் காலியாக வைத்திருங்கள்.