கீமோ எடுக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஏன் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள்?

கீமோ என்பது புற்றுநோய்க்குத் தரும், வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. புற்றுநோய் செல் மட்டுமல்ல, முடியின் வேர், வாயின் உட்புறம், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை எல்லாமே அடிவாங்கும். மஜ்ஜை தளர்ந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறையும். பல மருந்துகளில், மருந்து கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடும். ஆளில்லாத வீட்டில் திருடன் புகுந்தால் கூச்சல் போட யாருமில்லை அல்லவா? அப்படித்தான் சீழ், வீக்கம் எதுவும் இல்லாமலே தொற்று பரவும். பல நேரம் காய்ச்சல் மட்டுமே அடையாளம்.

அம்மாக்கள் நம்மை அலைக்கழிக்கக் கூடாதென்று சொல்லாமலே இருந்துவிடுவார்கள். நீங்களே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கீமோ எடுப்பவர் என்று போனதுமே சொல்லிவிடுங்கள்.

"பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், தொற்றை அல்ல.