வீடியோ பதிவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மகள் மேற்கத்திய வயலின் வாசிக்கிறாள். லண்டனில் முதுகலை படிக்க வீடியோ அனுப்ப வேண்டும். போனில் எடுத்தால் போதுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: படத்துக்குப் போன் போதும், ஒலிக்குப் போதாது. போன் தானாகவே மெல்லிய ஒலியை ஏற்றி, பலத்த ஒலியை அமுக்கிவிடும். மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் ஒரே மட்டமாகக் கேட்கும். நடுவர்கள் அதை வாசிப்பின் குறையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தனி ரெக்கார்டரை இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். ஒலி அளவைத் தானாக மாற்றும் ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, மிகப் பலமான பகுதியை வாசிக்கச் சொல்லி, ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைப் பூட்டுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் படமும் ஒலியும் பொருத்த எளிது. துணைக்கு வாசிக்கும் பியானோவின் மூடியைப் பாதி திறந்தால் போதும், இல்லாவிட்டால் வயலின் மூழ்கிவிடும். மின்விசிறி, ஏசி இரண்டும் ஓடக் கூடாது.

ஒரு உருப்படிக்குள் வெட்டு ஒட்டு வேண்டாம். வில் பிடிக்கும் கை, இடது கை, முகம் மூன்றும் சட்டகத்தில் தெரியட்டும். எதிரொலி சேர்ப்பது வீண் வேலை, கேட்டவுடனே தெரிந்துவிடும்.

உருப்படிகளைக் கல்லூரியின் பட்டியல் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1720-இல் எழுதி முடித்த ஆறு தனி வயலின் படைப்புகளில் ஒரு பகுதியைத் தயாராக வைத்திருப்பது நல்லது. லண்டன் இசைக் கல்லூரிகளில் ராயல் அகாடமி, ராயல் காலேஜ் இரண்டுக்கும் யூகாஸ் கன்சர்வடோர்ஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பம்; கில்ட்ஹாலுக்கு நேரடியாக. கடைசி நாள் பெரும்பாலும் சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். எனவே பியானோ துணைவரை ஜூலையிலேயே பேசி வையுங்கள்.