இங்கிலாந்தில் முதலாம் மேரி ஆட்சியைப் பிடித்தது எப்படி? மணமான பிறகும் அதிகாரம் அவரிடமே இருந்ததா?

"எட்டாம் ஹென்றியின் மகள், அதனால் கிடைத்தது" என்பது பாதி பதில்தான். மேரியின் தாயோடு நடந்த தன் முதல் திருமணமே செல்லாது என்று ஹென்றி அறிவித்துவிட்டதால், சட்டத்தின் கண்ணில் மேரி முறையாகப் பிறந்தவரே அல்ல. அந்தக் குறையை நீக்காமலேயே, ஹென்றியின் மகன் எட்வர்டுக்குப் பின் மேரி, அவருக்குப் பின் இன்னொரு மகள் எலிசபெத் என்று வரிசை வைத்தது 1544ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம். விசித்திரமான ஏற்பாடு, ஆனால் மேரிக்கு அதுதான் துருப்புச்சீட்டு.

1553இல் அரசராக இருந்த 15 வயது புராட்டஸ்டன்ட் எட்வர்டு சாகக் கிடந்தபோது, கத்தோலிக்க மேரி வரக்கூடாது என்று புது ஏற்பாடு எழுதினார். முதலில் எழுதியது "ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு" என்று. ஜேன் கிரே அவருடைய அத்தையின் பேத்தி, பிள்ளை பிறக்கவில்லை. எனவே அந்த வரியைத் திருத்தி "ஜேனுக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும்" என்று ஆக்கினார்கள். கோளாறு இங்கேதான்: நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அரசரின் ஆணை மட்டும் ரத்து செய்ய முடியாது. செப்டம்பரில் நாடாளுமன்றத்தைக் கூட்டுவதாக இருந்தது. எட்வர்டோ ஜூலை 6ஆம் தேதியே இறந்துவிட்டார்.

ஆட்சியை நடத்திவந்த நார்தம்பர்லாந்து கோமகன் செய்த பெரிய பிழை, மேரியை முன்கூட்டியே பிடிக்காதது. மேரி நார்ஃபோக்கில் இருந்த கென்னிங்ஹாலுக்கு நழுவிவிட்டார். அது அவருடைய சொந்த மாளிகை. சுற்றுவட்டாரத்தில் நிலமும் குடியானவர்களும் உண்டு. 9ஆம் தேதி "நானே அரசி" என்று ஆலோசனைக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினார். 12ஆம் தேதி ஃப்ராம்லிங்கம் கோட்டைக்கு மாறினார். படை திரண்டது; தடுக்க அனுப்பிய கப்பல்களின் மாலுமிகளே கட்சி மாறினார்கள். 10ஆம் தேதி ஜேனை அரசியாக அறிவித்த லண்டன், 19ஆம் தேதி மேரியை அறிவித்தது. இவ்வளவும் சட்டத்தால் மட்டும் நடந்ததல்ல. நிலமும் ஆளும் வேகமும் சேர்ந்ததால் நடந்தது.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. பழைய சட்டங்கள் "அரசர்" என்றே பேசின. மனைவியின் சொத்து கணவன் கைக்குப் போவது அந்நாட்டு வழக்கம். அப்படியானால் நாடும் போகுமா? 1554 ஏப்ரலில், அரசருக்குள்ள முழு அதிகாரமும் அரசிக்கும் உண்டு என்று தனிச்சட்டம் வந்தது. ஸ்பெயினின் பிலிப்போடு செய்த திருமண ஒப்பந்தமும் கறார்: அவருக்கு அரசர் பட்டம் உண்டு, அந்நியருக்குப் பதவி கிடையாது, ஸ்பெயினின் போரில் இங்கிலாந்தை இழுக்கக்கூடாது, மேரி பிள்ளையின்றி இறந்தால் பட்டமும் போய்விடும்.

ஆனால் கணவனின் வற்புறுத்தலைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்? 1557 ஜூனில் பிரான்ஸ் மீது போர் அறிவிப்பு. 1558 ஜனவரியில், பிரான்சில் இங்கிலாந்தின் வசமிருந்த கலே நகரமே கைவிட்டுப் போயிற்று.

1689இல் இரண்டாம் மேரிக்கு நடந்தது தலைகீழ். கூட்டரசர் என்று பெயர், ஆட்சி அதிகாரம் கணவர் வில்லியமிடம் மட்டும். அவர் அயர்லாந்துப் போருக்குக் கிளம்பியபோது, மேரி ஆட்சி செய்ய 1690இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.