ஸ்கோப் வாங்கியாச்சு, பேஸ் எது?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தபின் வேட்டை உரிமம் எடுத்து, கைமாறிய ரெமிங்டன் 700 ரைஃபிள் ஒன்று வாங்கினேன், .30-06. ஒரு அங்குலக் குழாய் உள்ள, 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் 3-9×40 ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிவிட்டேன். அதைத் துப்பாக்கிமேல் பொருத்தும் அடித்தளமான பேஸ் தேடினால் 25 டாலரிலும் இருக்கிறது, 150 டாலரிலும் இருக்கிறது. ஒற்றைத் துண்டு, இரட்டைத் துண்டு, வீவர், பிக்காடினி, 20 எம்ஓஏ என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. மான் வேட்டைக்கு மட்டும்தான், 200 கெஜத்துக்கு மேல் சுடப் போவதில்லை. எதை வாங்கலாம் சார்?

பதில்: உங்கள் தேவைக்கு விலை குறைந்த பக்கமே போதும். ஆனால் விலைச்சீட்டுக்கு முன்னால் துப்பாக்கியைப் பாருங்கள். பேஸ் வரும் பாக்கெட்டில் 'ரெமிங்டன் 700' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது. 1962-இல் வந்த இந்த மாடலில் குட்டை ஆக்‌ஷன், நீள ஆக்‌ஷன் என இரண்டு நீளம் உண்டு; ஆக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி. .308, .243 எல்லாம் குட்டை, உங்கள் .30-06 நீளம். ஒற்றைத் துண்டு பேஸை ஆக்‌ஷன் மாற்றி வாங்கினால் பின்பக்கத் துளைகள் சேரவே சேராது.

கைமாறி வந்தது என்பதால் ஸ்குரூ துளைகளையும் சோதியுங்கள். வழக்கமான அளவு 6-48, அதாவது 6-ஆம் எண் ஸ்குரூ, அங்குலத்துக்கு 48 மரை. முந்தைய சொந்தக்காரர் கனமான ஸ்கோப்புக்காகத் துளையைப் பெரிதாக்கி 8-40 போட்டிருக்கலாம். பழைய ஸ்குரூ ஏதாவது துளையில் இருந்தால் கழற்றிக் கடையில் காட்டுங்கள், பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

மற்ற ரைஃபிள் வைத்திருப்பவர்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சாவேஜ் 110-இல் பழையவற்றின் ரிசீவர் (பேஸ் உட்காரும் துப்பாக்கி உடல்) பின்பகுதி தட்டை, பிற்பாடு வந்தவற்றில் உருண்டை. ஒன்றின் பேஸ் இன்னொன்றில் உட்காராது. ரூகர் 77-க்கு பேஸே தேவையில்லை, ரிசீவரிலேயே பிடி வெட்டியிருக்கும், ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் அதற்கான ரிங் மட்டும் போதும். அதற்கும் பேஸ் கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒற்றையா இரட்டையா என்பதற்கு உங்கள் 700-இன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏடிஎல் வகை என்றால் கீழே திறக்கிற மூடி இருக்காது. தோட்டாவை மேலிருந்துதான் போடவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும். அதன் மேலே ஒற்றைத் துண்டு பேஸ் நீளமான ரெயிலாக ஓடினால் குளிரில் கையுறையோடு அந்த இடுக்கில் விரல் விடுவது எரிச்சலான வேலை. பிடிஎல் என்றால் அடிமூடியைத் திறந்து காலி செய்துவிடலாம், அந்தத் தொல்லை பாதியாகக் குறையும். நான் உங்களுக்கு இரட்டைத் துண்டையே சொல்வேன். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்த ரெயிலில்தான் வசதி அதிகம் என்பது உண்மை. ஆனால் சாதாரண 3-9 ஸ்கோப்புக்கு அவ்வளவு நகர்த்தல் தேவைப்படாது. ஒன்று கவனம்: 700-இல் ரிசீவரின் பின்பகுதி முன்பகுதியைவிடத் தாழ்ந்தது. அதனால் இரண்டு துண்டும் ஒரே உயரமாக இருக்காது. மாற்றிப் போட்டுவிட்டு 'கம்பெனி தப்பு' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

வீவர், பிக்காடினி இரண்டும் ரிங் பிடித்துக்கொள்ளும் பேஸ் வடிவங்கள், பார்க்க ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் குறுக்குப் பள்ளத்தில். வீவர் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம், பள்ளங்களுக்கு இடையே நிலையான தூரம் கிடையாது. பிக்காடினி 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாக ஆனது, பள்ளம் 0.206 அங்குலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எப்போதும் 0.394 அங்குலம். ஆக, வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காடினியில் உட்காரும், பிக்காடினி ரிங்கின் தடித்த குறுக்குக் கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காமல் போகலாம். ரிங்கையும் பேஸையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

20 எம்ஓஏ உங்களுக்கு வேண்டாம். எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு; 20 எம்ஓஏ என்றால் பின்பக்கம் அந்த அளவு உயர்த்திச் செய்த பேஸ். 100 கெஜத்தில் ஏறக்குறைய 21 அங்குலம் அளவுக்குச் சாய்வு. 600, 800 கெஜம் சுடுகிறவர்களின் ஸ்கோப்பில் மேல்நோக்கித் திருப்ப இடம் தீர்ந்துவிடும், அவர்களுக்காக வந்தது. உங்கள் ஸ்கோப்பில் மொத்தத் திருப்பம் 50 எம்ஓஏ என்று வைத்துக்கொண்டால் நடுவிலிருந்து கீழே 25-தான். அதில் 20-ஐ பேஸே தின்றுவிட்டால் 100 கெஜத்துக்கு வைக்கவே இழுபறி ஆகும். விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைத்து வாங்குகிற பொருட்களில் இதற்குத்தான் முதல் இடம்.

ரிங் உயரமும் பேஸோடு சேர்ந்த கணக்குதான். ஸ்கோப்பின் முன்கண்ணாடி பேரலைத் தொடக் கூடாது, போல்ட் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் உருளை) கைப்பிடியைத் தூக்கும்போது அது ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக வருகிற மிகத் தாழ்ந்த ரிங்கை எடுங்கள். உயரமான ரிங் போட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பிவிடும், ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும்.

மிச்சமாகும் பணத்தில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் (torque) ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்குங்கள். பொருத்தும் வேலை இதுதான்: துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். ஸ்குரூ, துளை, பேஸின் அடிப்பாகம் மூன்றிலும் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். ஸ்குரூ மரையில், அது தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பின்னால் கழற்ற வேண்டுமானால் சூடு காட்ட வேண்டியிருக்கும். 6-48 ஸ்குரூவுக்குப் பொதுவாக 15 முதல் 20 அங்குல-பவுண்டு இறுக்கம். பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் கணக்கு. அடுத்து ரிங்கைப் பள்ளத்தில் வைத்து, பேரல் முனைப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ரிங் பள்ளத்தின் முன்சுவரில் ஏற்கனவே ஒட்டியிருந்தால் நகர இடம் இல்லை. ரிங்கின் மேல்மூடி ஸ்குரூக்களை நான்கையும் மாற்றி மாற்றி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை கொண்டுவந்தால் போதும். அங்கே லாக்டைட் போடுவதை நான் விரும்புவதில்லை; மரை வழுக்கி, கருவி காட்டுவதைவிட அதிகமாக இறுகி, ஸ்கோப் குழாயை நெரித்துவிடும்.

ரிங் மூடியை இறுக்குவதற்கு முன் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்து பாருங்கள். பெரிதாக்கலை 9-இல் வையுங்கள். விளிம்பில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரிகிற தூரத்தில் ஸ்கோப்பை நிறுத்துங்கள். .30-06 உதைக்கும்போது புருவத்தில் பிறை வெட்டு வாங்கியவர்கள் அந்த ஊரில் நிறைய பேர் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: நானே பேஸ் மாட்டினேன். முன்பக்க ஸ்குரூவை இறுக்கியதும் போல்ட் மூட மறுக்கிறது. ஸ்குரூவைத் தளர்த்தினால் சரியாகிறது. இப்படியே கொஞ்சம் தளர்வாக விடலாமா?

பதில்: விடவே கூடாது. ஸ்குரூ நீளம் அதிகம், உள்ளே போய் போல்ட்டின் பூட்டு முனையில் முட்டுகிறது. செட்டில் வருகிற ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குட்டையானது எந்தத் துளைக்கு என்று தாளில் போட்டிருப்பார்கள், அதைத்தான் யாரும் படிப்பதில்லை. மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் முட்டினால் பேஸ் கம்பெனியிடம் சரியான ஸ்குரூ கேளுங்கள், அல்லது துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து நுனியைக் கொஞ்சம் அராவச் சொல்லுங்கள். இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு: பேரல் மரைக்கு மேலே வருகிற துளையில் நீள ஸ்குரூ அடியில் முட்டி நின்றுவிடும். போல்ட் நன்றாக ஓடும், கருவியும் 'இறுகிவிட்டது' என்று காட்டும், பேஸ் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் குறி மாறுகிறது. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடையில் கொடுத்தால், ரிங் தழும்பு இருக்கிறது, எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு பேஸ் ஸ்குரூக்களைப் பாருங்கள். பல பேஸ்களில் ரிங் அவற்றை மறைத்துக்கொண்டு இருக்கும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வருகிற 'ஸ்கோப் கோளாறு' கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஸ்குரூ இறுக்கமாகவே இருந்தால் இன்னொரு சோதனை: முன்பக்க ஸ்குரூக்களை மட்டும் போட்டு, ஒற்றைத் துண்டு பேஸின் பின்பக்கம் ரிசீவரில் படிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீற்று தெரிந்தால் பேஸை வளைத்து இறுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடைவெளியை எபாக்ஸியால் நிரப்ப வேண்டும்.

உண்மையிலேயே ஸ்கோப்தான் காரணம் என்றால் கடையோடு சண்டை வேண்டாம். வோர்டெக்ஸ், லூபோல்ட் போன்றவர்கள் ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறார்கள், ரசீதுகூடக் கேட்பதில்லை. நேரே கம்பெனிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மாமனார் 1950-களின் வின்செஸ்டர் 94 ஒன்றைக் கொடுத்தார். அதில் ஸ்கோப் துளை இல்லை. துளை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து 94 காலித் தோட்டாவை நேரே மேலே தள்ளும், தலைக்கு மேல் ஸ்கோப் இருந்தால் அதில்தான் மோதும். பக்கவாட்டில் தள்ளும் வகை 1980-களில்தான் வந்தது. போதாததற்கு, சேகரிப்பாளர்கள் துளை போட்ட துப்பாக்கிக்குக் கொடுக்கும் விலை சட்டென்று இறங்கிவிடும். மாமனார் முகம் வாடுவது தனிக் கணக்கு.

கேள்வி: ஊருக்குப் போகும்போது சித்தப்பா பையனின் ஏர் ரைஃபிளுக்கு என் பழைய ஸ்கோப்பையும் பேஸையும் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாமா?

பதில்: ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள். பரிசாகக் கொடுத்தாலும், பழையதாக இருந்தாலும் அது ஏற்றுமதிதான். உரிமம் பற்றி விசாரிக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அவருக்குத் தேவையானதை இந்தியாவிலேயே ஏர் ரைஃபிள் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பல ஏர் ரைஃபிள்களில் 11 மில்லிமீட்டர் பள்ளம்தான் இருக்கும், உங்கள் பேஸ் அதில் எப்படியும் பொருந்தாது.